காரிலேயே கிடந்த கைத்தடி

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. 13 ஆண்டுகளாக இராணுவத்தில் இருக்கிறார், இப்போது கோப்ரல். எங்கள் வீட்டுக் கடனையும் அவர்தான் கட்டி வருகிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கிரிக் பக்கம் நடந்த பயிற்சியில் அவர் சென்ற லோரி கவிழ்ந்து முதுகுத்தண்டில் அடிபட்டது. இடது கால் மரத்துப்போகிறது. கைத்தடி இல்லாமல் வாசற்படி இறங்க முடியாது. உடல்நிலை காரணமாக இன்னும் நான்கு மாதத்தில் அவரைப் பணியிலிருந்து விடுவிக்கப் போகிறார்கள். ஆனால் மருத்துவ வாரியம் பாதிப்பு லேசானது என்று எழுதிவிட்டதாம். வாரியத்துக்குப் போன அன்று நானும் என் கணவரும்தான் அவரைக் காரில் அழைத்துப்போனோம். அம்மா சப்பாத்துக் கயிற்றைக் கட்டிவிட்டு, வலி மாத்திரை இரண்டும் கொடுத்து அனுப்பினார். தம்பி கைத்தடியைக் காரிலேயே வைத்துவிட்டு நன்றாகத்தான் நடந்து போனார். நாட்டுக்கு உழைத்தவருக்கு இப்படி அநியாயம் செய்யலாமா? பென்சன் கிடைக்க என்ன வழி? கடைசித் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் வீடே நிம்மதி இழந்து கிடக்கிறது.
செந்தூல் வாசகி, கோலாலம்பூர்

பதில்: சகோதரி, உங்கள் ஆறு பக்கக் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே தந்திருக்கிறேன். 'அநியாயம்' என்ற சொல் அதில் ஐந்து இடங்களில் வருகிறது. வாரியத்துக்குப் போன நாளின் கைத்தடி ஒரே ஓர் இடத்தில், போகிறபோக்கில் வருகிறது. நான் அந்தக் கைத்தடியைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

வாசற்படி இறங்கவே தடி தேவைப்படும் ஒருவர், குனிந்து தம் சப்பாத்துக் கயிற்றைக் கட்ட முடியாமல் 34 வயதில் தாயின் கையால் கட்டிக்கொள்ளும் ஒருவர், தம் எஞ்சிய வாழ்நாளுக்கான வருமானத்தைத் தீர்மானிக்கப்போகும் மருத்துவர்களின் முன்னால், தடி இல்லாமல், வலியை மறைக்கும் இரண்டு மாத்திரைகளோடு போய் நின்றிருக்கிறார். அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு என்ன பதில் சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை. 13 ஆண்டுகள் சீருடை அணிந்தவர், எதிரில் இருப்பவரின் தோளில் உயர்ந்த பதவியின் அடையாளத்தைக் கண்டால் "ஓகே, துவான்" என்றுதான் சொல்லியிருப்பார். வலிக்கிறது என்று சொல்லாமல் இருக்கப் படையே அவரைப் பழக்கியது. அதற்காக நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். காருக்குள் உட்கார்ந்திருந்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

அந்தத் தடி எங்கே இருந்தது? பின் இருக்கையிலா, உங்கள் மடியிலா? தம்பி திரும்பி வரும்வரை அது உங்கள் கண்ணெதிரேதான் இருந்திருக்கும். "இதை எடுத்துக்கொண்டு போ, தம்பி" என்று சொல்ல உங்களுக்கு ஏன் வாய் வரவில்லை? உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் விடை இருக்கிறது. தங்கைக்கு வரன் பார்க்கிறீர்கள். அண்ணன் தடியூன்றி நடக்கும் வீடு என்று ஊர் பேசிவிடுமோ என்று அம்மா பயந்திருக்கிறார். விருந்தாளி வரும் நேரத்தில் அது கதவுக்குப் பின்னால் போயிருக்கும், கோயிலுக்குப் போனால் காரிலேயே தங்கியிருக்கும். இரண்டு ஆண்டுகளில் அது வீட்டுப் பழக்கமாகிவிட்டதால்தான், மறைக்கவே கூடாத நாளிலும் மறைத்துவிட்டீர்கள் என்பது உங்களுக்கு இன்றுவரை உறைக்கவில்லை. உறைத்திருந்தால் "நன்றாகத்தான் நடந்து போனார்" என்று எனக்கு எழுதியிருக்கமாட்டீர்கள்.

அண்ணனின் காலை மறைத்து வைத்தால்தான் தங்கைக்குத் திருமணம் நடக்கும் என்றால், அப்படிப்பட்ட சம்பந்தம் வேண்டாம் என்று சொல்கிற தைரியம் ஒரு தாய்க்கு இருக்க வேண்டும், தாய்க்கு இல்லாவிட்டால் மூத்த மகளுக்கு இருக்க வேண்டும். நீங்கள் குடியிருக்கும் வீட்டின் கடனை அந்தக் காலோடுதான் அவர் கட்டி வருகிறார். அவருடைய சம்பளத்தைக் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்ட குடும்பம், அவருடைய ஊனத்துக்குக் கூச்சப்படுவதை என்னால் ஏற்க முடியாது.

இனி, செய்ய வேண்டியதற்கு வருகிறேன். நம் நாட்டில் சாதாரணப் படைவீரருக்குச் சேவைப் பென்சன் வேண்டுமானால் 21 ஆண்டுகள் பணியாற்றியிருக்க வேண்டும். தம்பிக்கு அது இல்லை. ஆனால் பணியின் காரணமாக உடல் ஊனமுற்று வெளியேறுபவருக்கென்று தனிப் பென்சன் உண்டு. அதற்கு இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். இந்தப் பாதிப்பு பணியால் வந்ததா? அது எவ்வளவு? இரண்டுக்குமான விடை காகிதத்தில்தான் இருக்கும். முதல் கேள்விக்கு, லோரி கவிழ்ந்தது பற்றிய விபத்து அறிக்கையும், விசாரணை வாரியம் கூடியிருந்தால் அதன் முடிவும், அன்று முதலுதவி செய்த இடத்தின் குறிப்பும் பதில் சொல்லும். இரண்டாவது கேள்விக்கு மருத்துவர்களின் எழுத்துதான் பதில். அந்த எழுத்தைத்தான் உங்கள் குடும்பம் கெடுத்துக்கொண்டது. இன்னும் நான்கு மாதம் இருக்கிறது, திருத்த முடியும்.

தம்பி தம்முடைய மேலதிகாரியின் வழியாக, மறுபரிசோதனை கேட்டு எழுத்துமூலம் விண்ணப்பிக்க வேண்டும். வாயால் கேட்டது எதுவும் கணக்கில் வராது. 1972ஆம் ஆண்டு ஆயுதப்படைச் சட்டம் தம் குறையை மேலிடத்தில் முறையிடும் உரிமையைப் படைவீரருக்குக் கொடுத்திருக்கிறது, ஆகவே கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டியதில்லை. அந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லுங்கள்: வாரியத்துக்குப் போகுமுன் இரண்டு வலி மாத்திரை போட்டுக்கொண்டேன், வழக்கமாக ஊன்றும் தடியைக் காரில் விட்டுவிட்டு வந்தேன், என் உண்மையான நிலையை மருத்துவர்கள் பார்க்கவில்லை. இதை எழுத அவருக்கு வெட்கமாக இருக்கும். உங்களுக்கும் இருக்கும். எழுதத்தான் வேண்டும். கூட்டிச் சொல்லுங்கள் என்று நான் சொல்லவே இல்லை. அன்று நலமாக இருப்பதுபோல் நடந்துகொண்டதும் உண்மைக்கு மாறானதுதான், இனி எந்தப் பக்கமும் மிகை வேண்டாம்.

அந்த விண்ணப்பத்தோடு எலும்பு நிபுணரின் அறிக்கை, எம்ஆர்ஐ படத்தின் முடிவு, பிசியோதெரபிக்குப் போன நாட்களின் பதிவு, இரண்டு ஆண்டுகளாக வாங்கிய மாத்திரைகளின் சீட்டு, கடின வேலையிலிருந்து விலக்கு அளித்த உத்தரவுகள் ஆகிய எல்லாவற்றின் நகலும் போக வேண்டும். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள். முகாமில் இருக்கும்போது அலுவலகத்தில் போய் நின்று கேட்டு வாங்கக்கூடிய நகல், வெளியே வந்தபின் பல கடிதங்கள் எழுதியும் எளிதில் கைக்கு வராது. அதே லோரியில் இருந்த தோழர்களிடம் நடந்ததைக் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். ஆளுக்கொரு முகாமாக மாற்றலாகிப் போவார்கள், ஒருவர் சபாவில் இருப்பார், இன்னொருவர் ஓய்வு பெற்றிருப்பார். இந்தப் பகுதிக்குப் பல ஆண்டுகளாக வரும் கடிதங்களில், கணவர் போனபின் ஒரு பிளாஸ்டிக் பை நிறையக் காகிதங்களை வைத்துக்கொண்டு எழுதும் பெண்களை நிறையப் பார்த்துவிட்டேன். சம்பளச் சீட்டு இருக்கும், பதக்கம் வாங்கிய படம் இருக்கும், அடிபட்ட அன்று எழுதப்பட்ட அந்த ஒரு காகிதம் மட்டும் இருக்காது.

பென்சன் விவகாரங்களைப் பார்க்கும் இடம் படைவீரர் விவகாரத் துறை. ஜேஎச்இவி என்றால் தம்பிக்குத் தெரியும். விடுவிக்கும் நாள்வரை காத்திராமல் இப்போதே அங்கே போய்த் தம் கோப்பின் நிலையைக் கேட்கட்டும். படைவீரர்களின் சேமிப்பு நிதியான எல்டிஏடியில் அவர் சம்பளத்திலிருந்து 10 சதவீதமும் அரசாங்கத்தின் பங்காக 15 சதவீதமும் சேர்ந்து வந்திருக்கிறது. பென்சன் பெறுபவருக்குக் கிடைக்கும் தொகையும் பெறாதவருக்குக் கிடைக்கும் தொகையும் ஒன்றல்ல. எனவே இரண்டு விதத்திலும் எவ்வளவு வரும், ஊனத்துக்கென்று அங்கே உள்ள உதவி தமக்குப் பொருந்துமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அந்தப் பணத்தில் லோரி வாங்கித் தொழில் தொடங்கலாம் என்று உங்கள் கணவர் சொல்வதாக நான்காம் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். அந்தப் பேச்சை இன்றோடு விட்டுவிடச் சொல்லுங்கள். அது தம்பியின் முதுகுக்கு ஈடாக மிஞ்சும் பணம்.

அடுத்தது ஓகேயூ கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை. இதற்குத்தான் அம்மா அதிகம் எதிர்ப்புத் தெரிவிப்பார். சமூக நலத்துறையில் மருத்துவரின் கையெழுத்தோடு பதிவு செய்தால் கிடைக்கும் இந்த அட்டையும் இராணுவத்தின் ஊனப் பென்சனும் வேறு வேறு. ஒன்று இருப்பதால் மற்றொன்று தானாக வந்துவிடாது, இரண்டுக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். பொதுச் சேவையில் நூற்றுக்கு ஒரு வேலை மாற்றுத்திறனாளிகளுக்கு என்பது அரசாங்கத்தின் கொள்கை. 34 வயதில் வீட்டுக்கு வரும் ஒருவருக்கு வேலை வேண்டும், வெறும் ஓய்வு அவரை முடக்கிவிடும். பணியிலிருந்து விலகுமுன் சுங்கை பூலோவில் முன்னாள் படைவீரர்களுக்கான பெர்ஹெபாட் கழகம் நடத்தும் தொழிற்பயிற்சிக்கும் இப்போதே பெயர் கொடுக்கச் சொல்லுங்கள், உட்கார்ந்தும் எழுந்தும் செய்யக்கூடிய தொழிலாகப் பார்த்து.

அம்மாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும், தம்பியை அனுப்பாதீர்கள். வரன் வீட்டாரிடம் அண்ணனுக்கு அடிபட்டதை முதல் சந்திப்பிலேயே, எப்படி அடிபட்டது என்பதோடு சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டு எழுந்து போகிறவர்கள் போகட்டும், உங்கள் தங்கைக்கு அவர்கள் நல்லது எதையும் செய்திருக்கமாட்டார்கள்.

மறுபரிசோதனைக்கு அழைப்பு வந்தால் நீங்கள் காரில் உட்கார்ந்திருக்கக் கூடாது. உள்ளே அனுமதிக்கும் இடம்வரை அவரோடு நடந்து போங்கள். காலையில் யார் கயிறு கட்டிவிட்டார், இரவில் எத்தனை முறை எழுகிறார், எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது என்பதையெல்லாம் இன்றுமுதல் ஒரு நோட்டுப்புத்தகத்தில் தேதி போட்டு எழுதி அவர் கையில் கொடுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை, எத்தனை மணிக்கு எது போட்டார் என்பதை மருத்துவரிடம் அவரே சொல்லட்டும். தடியின் அடியில் இருக்கும் ரப்பர் இரண்டு ஆண்டுகளில் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். வழுக்காத அளவுக்கு இருந்தால் அன்றைக்கு முன் அதை மாற்றாதீர்கள், மருத்துவர் அதையும் பார்க்கட்டும்.