எண் வடிவப் புதிர்ப்பாதைகள் குழந்தையின் விரல்களைப் பழக்குமா?

நான்கு வயதுக் குழந்தைக்கு எண் வடிவப் புதிர்ப்பாதைத் தாள்கள் உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக உதவும், ஆனால் பாதை போதிய அகலமாக இருக்க வேண்டும். பாதையின் இரு பக்கமும் சுவர்களாக வரைந்த கோடுகளுக்கு நடுவே, 3 என்ற எண்ணின் வளைவில் பென்சிலைச் செலுத்தும்போது, கண் அடுத்த திருப்பத்தை முன்கூட்டியே பார்க்க, விரல்கள் வேகத்தைக் குறைத்து, நடுவிலுள்ள கூர்மடிப்பில் நின்று திசை மாற்றக் கற்றுக்கொள்கின்றன. முதலில் விரலாலேயே பாதையைத் தடவச் சொல்லுங்கள். பிறகு உடைந்த கிரேயான் துண்டைக் கொடுங்கள். துண்டு சிறியதாக இருப்பதால் முழுக் கையால் பற்ற இடமின்றி, பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் தாமாகவே சேர்ந்துகொள்ளும். தொடங்கும் இடத்தில் ஒரு பச்சைப் புள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் குழந்தை எண்ணைக் கீழிருந்து தொடங்கிவிடலாம்; கீழிருந்து மேலாக எழுதிப் பழகிய கையைப் பின்னால் திருத்துவது கடினம். கோடு சுவரைத் தொட்டால் அழிக்கச் சொல்லாதீர்கள். விரல் நுனி வெளுக்கும் அளவுக்குக் குழந்தை அழுத்திப் பிடிக்கத் தொடங்கினால், தாளை அன்றைக்கு எடுத்துவைத்துவிடுங்கள்.