பிரெய்ல் டிஸ்பிளேயில் ‘ஸ்கிரீன் நாட் இன் டெக்ஸ்ட் மோட்’ மட்டும் வந்தால்

உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்) கணினியில், திரை எழுத்தைப் புள்ளிகளாக விரலுக்குத் தரும் உங்கள் பிரெய்ல் டிஸ்பிளேயில் இந்தச் செய்தி மட்டுமே வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். லாகின் கேட்கும் வரி விரலுக்கு வந்துவிடும். அந்தச் செய்தி வருகிறது என்றாலே கருவியும் கேபிளும் நன்றாக இருக்கின்றன. ரிப்பேருக்கு மதுரை வரை தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

உபுண்டு வரைகலைத் திரையில் திறப்பதுதான் காரணமாக இருக்கும். டிஸ்பிளேயை இயக்கும் பி.ஆர்.எல்.டி.டி.ஒய். என்ற மென்பொருள் நேரடியாகப் படிப்பது டெக்ஸ்ட் கன்சோலை, அதாவது வெறும் எழுத்து மட்டும் உள்ள திரையை. டெஸ்க்டாப்பைப் படிக்க ஆர்கா என்ற திரை வாசிப்பான் ஓட வேண்டும், அதில் பிரெய்லும் இயக்கத்தில் இருக்க வேண்டும்.

இப்போது பயனர் பெயரை அடித்துப் பாருங்கள். கர்சர் புள்ளிகள் கூடவே நகர்கின்றனவா? கடவுச்சொல் அடிக்கும்போது மட்டும் நகராது, பயப்படாதீர்கள். அப்புறம், கன்சோல் வரி 80 எழுத்தோ அதற்கு மேலோ இருக்கும். உங்கள் டிஸ்பிளே 40 செல், அதாவது ஒரு நேரத்தில் 40 எழுத்துதான் தெரியும். மீதியைப் படிக்க வலப்பக்கம் நகர்த்தும் பொத்தானை அழுத்துங்கள். பிழைச் செய்தி பல நேரம் அந்த மறுபாதியில்தான் இருக்கும்.

திருமங்கலம் வீட்டிலிருந்து கல்லூரி சர்வருக்கும் இதே கன்சோலில் எஸ்.எஸ்.ஹெச். (தொலைவிலுள்ள கணினியில் நுழையும் வழி) மூலம் போகலாம். பிரெய்லுக்கென்று சர்வரில் எதையும் நிறுவத் தேவையில்லை.

தமிழ்க் கோப்புகளில் மட்டும் கவனம். கன்சோல் எழுத்துருவில் தமிழ் இருக்காது. உங்கள் லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) 4.19-க்கு முந்தையது என்றால் எல்லா எழுத்தும் ஒரே குறியாக வரலாம்.