மூன்றாம் தரமா, விஞ்ஞான பீடமா? ஒரு தாயின் கடிதத்துக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

மகள் இரண்டாம் தரமும் உயர்தரம் எழுதி, மருத்துவத்துக்கான வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நிற்கிறாள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் உயிரியல் விஞ்ஞானத்துக்கு இடம் வந்திருக்கிறது. தகப்பனார் மூன்றாம் தரமும் எடுக்கச் சொல்கிறார். கனடாவில் இருக்கிற மாமா, வெளிநாட்டில் தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்றில் சேர்த்துவிடலாம், பாதிக் காசு தான் தருவேன், மிச்சத்துக்குக் காணியை ஈடு வையுங்கள் என்கிறார். பிள்ளையோ மூளையைப் பற்றி ஆராய்ச்சி செய்யத்தான் விருப்பம் என்கிறாள். "அவ என்னத்தைச் சொல்லுறா எண்டே எங்களுக்கு விளங்கேல்லை" என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள்.

அந்த வரியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் மற்ற எல்லாரும் எந்த இடத்தில் படிப்பது என்று கதைக்கிறீர்கள். என்ன வேலை செய்யப் போகிறேன் என்று கதைப்பது பிள்ளை மட்டும்தான். அவள் சொல்வது விளங்கினால் மற்றக் கேள்விகளில் பாதி தானாக விலகிவிடும்.

டொக்டராக வந்தால்தான் மருத்துவ ஆராய்ச்சி செய்யலாம் என்ற எண்ணம் எங்கள் ஊரில் ஆழமாக ஊறியிருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. 1847இல் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்த மண் இது. 1978இல் இங்கே மருத்துவ பீடம் தொடங்கிய பிறகு வீட்டுக்கு ஒரு டொக்டர் என்பது ஒவ்வொரு தாய் தகப்பனின் நேர்த்தியாகிவிட்டது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் நோயாளியைக் குணமாக்குவது ஒரு வேலை, நோய் ஏன் வருகிறது என்று தேடுவது இன்னொரு வேலை. இரண்டுக்கும் வாசல் வேறு.

2021ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்ற இருவரைப் பாருங்கள். ஆர்டெம் பட்டபூட்டியன் லெபனானில், பெய்ரூட்டில், உள்நாட்டுப் போருக்குள் வளர்ந்தவர். 1986இல் பதினெட்டு வயதில் அமெரிக்காவுக்குப் போனார். அவரும் டொக்டராகத்தான் நினைத்தவர். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க நல்ல பரிந்துரைக் கடிதம் ஒன்று வேண்டும் என்பதற்காக ஓர் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். அங்கே ஆராய்ச்சியில் மனம் பற்றிக்கொண்டது. மருத்துவக் கல்லூரிக்குப் போகவே இல்லை. ஊரில் இருந்தவரை விஞ்ஞானி என்பது ஒரு தொழில் என்றே தனக்குத் தெரியாது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். இந்த இடத்தை வாசிக்கும்போது எனக்கு எங்கள் பிள்ளைகள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

அவர் கண்டுபிடித்தது, தொடுகையை உடம்பு எப்படி உணர்கிறது என்பதை. தொட்டவுடன் மின்சைகை எழுப்புகிற கலங்களை எடுத்தார்கள். காரணமாக இருக்கக்கூடிய 72 மரபணுக்களைப் பட்டியலிட்டார்கள். ஒவ்வொன்றாக அதன் வேலையை நிறுத்தி, கலத்தை நுண்ணிய குழாயால் மெல்லக் குத்தி, இன்னும் உணர்கிறதா என்று பார்த்தார்கள். ஒன்றை நிறுத்தும்போது உணர்ச்சி இல்லாமல் போனது. அந்தப் புரதத்துக்கு பியசோ என்று பெயர் வைத்து 2010இல் வெளியிட்டார்கள். உங்கள் மகள் ஆராய்ச்சி என்று சொல்வது இப்படியான வேலையைத்தான்: ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு, இல்லை, இல்லை, இல்லை என்று வரும் பதில்களை மாதக்கணக்காகத் தாங்குவது. பரிசைப் பகிர்ந்த டேவிட் ஜூலியஸ் உயிர் இரசாயனம் படித்தவர். மிளகாயில் உறைப்பைத் தருகிற கப்சைசினை வைத்து, சூட்டையும் எரிவையும் உணர்கிற நரம்பு வாயிலை 1997இல் கண்டுபிடித்தார். நாங்கள் தோட்டத்தில் நட்டு, காயவைத்து, இடித்துக் கறிக்குப் போடுகிற அதே மிளகாய். இருவருமே எம்.பி.பி.எஸ். மாதிரியான மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் இல்லை.

இனி மூளைக்கு வருவோம். 2024 ஒக்டோபரில் வளர்ந்த பழ ஈ ஒன்றின் முழு மூளையின் இணைப்பு வரைபடம் வெளியானது. மாம்பழத் தோலில் வந்து மொய்க்குமே, அந்தச் சின்ன ஈதான். அதன் மூளையை ஏழாயிரத்துக்கு மேற்பட்ட சீவல்களாகச் சீவி, இலத்திரன் நுணுக்குக்காட்டியில் படமெடுத்து, 139,255 நரம்புக்கலங்களையும் அவற்றுக்கிடையே ஐந்து கோடிக்கு மேற்பட்ட இணைப்புகளையும் வரைந்திருக்கிறார்கள். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்கள் இருப்பதால் இது தொடக்கம்தான். இந்த வேலையை நடத்தியது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம். செயற்கை நுண்ணறிவு முதலில் கோடுகளை இழுத்தது. அது விட்ட பிழைகளை மனிதர்கள் ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். திருத்தியவர்களில் விஞ்ஞானிகள் மட்டுமில்லை, உலகின் பல மூலைகளிலிருந்தும் வீட்டுக் கணினியில் உட்கார்ந்து உதவிய தொண்டர்களும் இருந்தார்கள். அந்தத் தரவுகள் இணையத்தில் திறந்தே கிடக்கின்றன. மகள் இன்றிரவே பார்க்கலாம்.

இன்னொன்று, பாரிசவாதம் வந்தவர்கள் இருக்கிற எந்த வீட்டுக்கும் புரியும். மூளைத்தண்டில் பாரிசவாதம் வந்து பதினெட்டு ஆண்டுகளாகப் பேச முடியாதிருந்த ஒரு பெண்ணின் மூளை மேற்பரப்பில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தினர் 253 மின்முனைகள் கொண்ட மெல்லிய தகடொன்றை வைத்தார்கள். அவர் பேச முயலும்போது எழும் சைகைகளைக் கணினி படித்து, நிமிடத்துக்கு ஏறத்தாழ 78 சொற்கள் வேகத்தில் எழுத்தாக மாற்றியது, குரலாகவும் ஒலித்தது. 2023 ஓகஸ்டில் வெளியான ஆய்வு இது. தகட்டை வைத்தவர் நரம்பு அறுவைச் சிகிச்சை நிபுணர். அந்த இடத்துக்கு டொக்டர்தான் வேண்டும். ஆனால் சைகைகளைப் படிக்கக் கணினிக்குப் பழக்கியவர்கள் பொறியியல், கணினி படித்த ஆராய்ச்சி மாணவர்கள். பேச்சின் ஒலிகளைப் பற்றித் தெரிந்தவர்களும் வேண்டும். இப்படி ஒரு குழுவுக்குள் போக எத்தனையோ வாசல்கள் இருக்கின்றன.

அதெல்லாம் அமெரிக்காவில் என்று தகப்பனார் சொல்லக்கூடும். சரி, யாழ்ப்பாணத்தைப் பார்ப்போம். டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே படித்திருக்கிறோம். எங்கள் பல்கலைக்கழக விலங்கியல் துறையினரும் சேர்ந்து செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வு, வடக்கு கிழக்குக் கரையோரங்களில் அந்த நுளம்பின் குடம்பிகள் உவர்த் தண்ணீரிலும் வளர்வதைக் காட்டியது. கைவிடப்பட்ட மீன்பிடி வள்ளங்களிலும், பாவிக்காத கிணறுகளிலும், எறிந்த போத்தல்களிலும் தேங்கிய தண்ணீரை அள்ளி உப்பை அளந்தார்கள். ஆயிரத்துக்கு 15 பங்கு உப்புவரை குடம்பிகள் இருந்தன. கடல்நீரில் ஏறத்தாழ 35. கரையோரக் கிராமங்களில் டெங்கை எங்கே தேடுவது என்ற கணக்கையே மாற்றுகிற கண்டுபிடிப்பு இது. இதைச் செய்தவர்கள் வெள்ளைக் கோட்டு போட்டு வார்ட்டில் நின்றவர்கள் இல்லை. உங்கள் மகளுக்கு இடம் கிடைத்திருக்கிற பீடத்தில் இருப்பவர்கள். இலங்கை மலேரியாவிலிருந்து விடுபட்டதாக 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததற்குச் சில மாதங்களுக்குள், மலேரியா பரப்பும், இலங்கையில் முன்பு காணப்படாத நுளம்பு இனம் ஒன்று மன்னாரில் பிடிபட்டது. இப்படியான இடத்தில் விலங்கியல் படித்தவர்கள் இல்லாவிட்டால் நாடு தவிக்கும்.

நரம்பியலும் இந்த மண்ணுக்கு அந்நியமில்லை. நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பவரை இரவில் கடிக்கிற கட்டுவிரியனின் நஞ்சு நரம்பு நுனியைத்தான் தாக்குகிறது. கண்ணிமை விழும், பிறகு மூச்சுத் தசைகள் நிற்கும். அந்த நஞ்சு எந்தப் புரதத்தில் போய் ஒட்டுகிறது என்று தேடியதில்தான், அதற்கு நெருங்கிய இன்னொரு கட்டுவிரியன் இனத்தின் நஞ்சை வைத்து, நரம்பு தசைக்குக் கொடுக்கும் சைகையை வாங்குகிற புரதமான ஏற்பியை 1970களில் பிரித்தெடுத்தார்கள். போர் விட்டுப்போன மனக் காயங்களைப் பற்றி மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இங்கிருந்தே பல ஆண்டுகளாக எழுதிய ஆய்வுகளை உலகம் படிக்கிறது. கால் இழந்தவர்களுக்கு, இல்லாத காலில் வலிப்பது ஏன் என்ற கேள்விக்குக் முகம் பார்க்கும் கண்ணாடி பதித்த பெட்டி ஒன்றை வைத்து வழி காட்டியவர் சென்னையில் மருத்துவம் படித்த வி. எஸ். ராமச்சந்திரன். அவர் டொக்டராகிவிட்டு ஆராய்ச்சிக்குப் போனவர். அந்தப் பாதையும் இருக்கிறது. உங்கள் மகளுக்கு அது மட்டும்தான் பாதை என்று நினைத்துவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

இப்போது கசப்பானதையும் சொல்லவேண்டும். ஆராய்ச்சி நீண்ட பாதை. நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டம், அதன் பிறகு கலாநிதிப் பட்டத்துக்கு இன்னும் நான்கு முதல் ஆறு ஆண்டுகள், அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் ஒப்பந்த வேலை. தனியார் கிளினிக் வைத்து உழைக்க முடியாது. பலன் மெதுவாக வரும்: அல்சைமர் மறதி நோய்க்குப் பல பத்தாண்டுகள் பாடுபட்டு, 2023இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெக்கனெமாப் மருந்து, பதினெட்டு மாதப் பரிசோதனையில் நோயின் சரிவை 27 வீதம்தான் மெதுவாக்கியது. அந்த 27 வீதத்துக்காக வாழ்நாளையே கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். கொவிட் தடுப்பூசிக்கு வழிதிறந்த ஆய்வுக்காக 2023 நோபல் பெற்ற கத்தலின் கரிக்கோவை 1990களில் அவருடைய பல்கலைக்கழகம் பதவியிறக்கியது. இதையெல்லாம் மகளுக்கு மறைக்காமல் சொல்லுங்கள். கேட்ட பிறகும் அவள் கண்ணில் விருப்பம் இருந்தால் அது உண்மையான விருப்பம்.

காசு பற்றி மாமாவுக்கு ஒன்று சொல்லவேண்டும். வெளிநாடு என்றால் கட்டணம் கட்டவேண்டும் என்று அவர் நினைக்கிறார். விஞ்ஞானத்தில் கலாநிதிப் படிப்பு பெரும்பாலும் அப்படி இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பொதுவாகக் கட்டணத்தை விலக்கி, மாதக் கொடுப்பனவும் தருவார்கள். ஜெர்மனியிலும் வடஐரோப்பிய நாடுகளிலும் அது பெரும்பாலும் சம்பளத்தோடு கூடிய வேலை. வெளிநாட்டுத் தனியார் மருத்துவக் கல்லூரியோ, முடித்து வந்த பிறகும் இலங்கை மருத்துவ சபையின் பரீட்சையில் தேறினால்தான் இங்கே பதிவு. அந்தக் கல்லூரியைச் சபை ஏற்றுக்கொள்கிறதா என்று பார்க்காமல், முகவர் சொன்னார் என்று காணி உறுதியை எடுத்து வெளியே வைக்காதீர்கள். மகளே கேட்காத படிப்புக்காக வீட்டின் கடைசிப் பரப்புக் காணியை ஈடு வைப்பதை நான் ஒருபோதும் ஆதரிக்கமாட்டேன்.

மூன்றாம் தரம் பற்றித் தகப்பனாருக்கு: நோயாளிக்குப் பக்கத்தில் நிற்கத்தான் வேண்டும் என்று மகள் சொன்னால், இன்னொரு தரம் எழுதுவதில் அர்த்தம் உண்டு. மூளையைத்தான் அறியவேண்டும் என்றால், ரியூசன் வகுப்பில் அதே பௌதிகவியல் கணக்கை இன்னொரு ஆண்டு செய்வது அந்த ஆசைக்கு ஒன்றும் சேர்க்காது. அவளுக்கு இருபது வயது. கையில் இடம் இருக்கிறது. ஒரு முறை பதிவு செய்தால் பிறகு வேறு கற்கைநெறிக்குத் தெரிவாகும் வாய்ப்பு என்னவாகும் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் நீங்களே வாசித்துவிட்டு முடிவெடுங்கள். அடுத்த வீட்டார் சொல்வதைக் கேட்டு வேண்டாம்.

நோயாளியோடும் இருக்கவேண்டும், நரம்பியலும் வேண்டும் என்று அவள் சொன்னால் வேறு வழிகள் உண்டு. பேராதனையில் இயன் மருத்துவம், களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பேச்சும் கேட்டலும் பற்றிய பட்டம். பாரிசவாதத்துக்குப் பிறகு தமிழில் பேச்சைத் திரும்பப் பழக்கக்கூடியவர்கள் எங்கள் பக்கத்தில் எவ்வளவு குறைவு என்பது, வீட்டில் ஒருவருக்கு வந்தால்தான் தெரிகிறது.

விஞ்ஞான பீடத்துக்குப் போவதென்றால் முதல் நாளிலிருந்தே நோக்கம் வேண்டும். ஆரம்ப ஆண்டுகளின் பெறுபேறுகளைப் பார்த்துத்தான் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவு செய்வார்கள். முதலாம் ஆண்டைப் பகிடியாக எடுத்தால் வாசல் மூடிவிடும். புள்ளிவிபரவியலைப் பயப்படாமல் படிக்கட்டும். பைதன் அல்லது ஆர், இரண்டில் ஒரு கணினி மொழியை இப்போதே தொடங்கட்டும். இன்று மூளை ஆராய்ச்சியில் பாதி, தரவுகளோடு மல்லுக்கட்டுவதுதான். ஆங்கிலத்தில் வாரம் ஓர் ஆய்வுக் கட்டுரையாவது வாசிக்கட்டும். முதல் கட்டுரைக்கு ஒரு முழு நாள் எடுக்கும், அதைப் பற்றி ஏங்கவேண்டாம். விரிவுரையாளர் ஒருவரிடம் போய், உங்கள் ஆய்வில் போத்தல் கழுவும் வேலை என்றாலும் தாருங்கள் என்று கேட்கட்டும். கேட்கிற பிள்ளையை நல்ல ஆய்வாளர் எவரும் திருப்பி அனுப்பமாட்டார். பட்டம் முடித்த பிறகு கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிர் இரசாயன, மூலக்கூற்று உயிரியல் நிறுவனத்தில் முதுமாணியும் செய்யலாம்.

பதிவுத் திகதிக்கு முன்னர் ஒரு நாள் அவளைப் பல்கலைக்கழகம் இருக்கிற திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். விலங்கியல் துறையில் இறுதியாண்டு மாணவி ஒருத்தியைத் தேடிப் பிடித்து, இப்போது என்ன ஆய்வு செய்கிறாய், காலையில் வந்தவுடன் முதலில் என்ன வேலை, எதில் சலிப்பு வருகிறது என்று மகளையே கேட்கவிடுங்கள். நீங்கள் வெளியே நில்லுங்கள். அதற்குப் பிறகு தகப்பனாரையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வாருங்கள். முதல் அரைமணித்தியாலம் நான் மகளோடு தனியே கதைக்கவேண்டும்.