விற்ற காருக்குக் கிளட்ச் செலவு கேட்கிறார்: தர வேண்டுமா?

கேள்வி: என்னுடைய 2014 மாடல் ஸ்விஃப்ட் டீசல் காரை இணையத்தில் விளம்பரம் போட்டு, திண்டுக்கல்காரர் ஒருவருக்கு 3,35,000 ரூபாய்க்கு விற்றேன். தன் மெக்கானிக்கைக் கூட்டிவந்து ஓட்டிப் பார்த்துத்தான் வாங்கினார். 18 நாள் கழித்து ஃபோன் செய்கிறார். கொடைக்கானல் ஏறும்போது கிளட்ச் போய்விட்டதாம், 18,000 ரூபாய் செலவாம். “பாதியாவது கொடுங்க, இல்லேன்னா வண்டியைத் திருப்பி எடுத்துக்கோங்க, இல்லேன்னா ஸ்டேஷன்ல பார்த்துக்கலாம்” என்கிறார். கிளட்ச் கொஞ்சம் மேலே பிடிக்கிறது, அதாவது பெடலை ஏறக்குறைய முழுசாக விட்ட பிறகுதான் வண்டி நகர்கிறது என்பது எனக்குத் தெரியும். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என்ன செய்வது? – மதுரை வாசகர்

பதில்: கடைசி இரண்டு வரியை நீங்கள் எழுதாமலே விட்டிருக்கலாம். எழுதியது நல்லது, விஷயமே அங்கேதான் இருக்கிறது.

முதலில் சட்டம். வண்டி விற்பதையே தொழிலாகச் செய்பவருக்கு இருக்கும் பொறுப்பு, சொந்த வண்டியை ஒருமுறை விற்கும் உங்களுக்கு இல்லை. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, பொருளின் தரத்துக்கு விற்பவர் தானாகவே உத்தரவாதம் தந்ததாகக் கொள்வதில்லை. அதற்கான விதிவிலக்குகள் பெரும்பாலும் வியாபாரிகளைப் பற்றியவை. வாயைத் திறக்காமல் இருந்தது மட்டுமே மோசடி ஆகாது என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலே தெரிந்திருக்கும் குறையை, ‘நீ சொல்லவில்லையே’ என்று காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்யவும் அது விடுவதில்லை. தேய்ந்த கிளட்ச் மேலே பிடிப்பது காலை வைத்தாலே தெரிகிற சங்கதி. அவரோ மெக்கானிக்கையே கூட்டிவந்திருக்கிறார்.

இதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகாதீர்கள். உங்கள் விளம்பரத்தை எடுத்து ஒருமுறை படியுங்கள். ‘ஒரு ரூபாய் செலவில்லை, எடுத்தா ஓட்டிக்கிட்டே இருக்கலாம்’ என்ற வரி இல்லாத பழைய கார் விளம்பரத்தை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். எல்லாரும் எழுதுகிறார்கள் என்று நீங்களும் எழுதியிருந்தால், நீங்கள் சும்மா இருக்கவில்லை, தெரிந்தே வேறொன்றைச் சொல்லியிருக்கிறீர்கள் என்று அவர் வாதாடலாம். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் அவரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வையுங்கள். அவரிடமும் அவை இருக்கும்.

மீட்டரைத் திருப்பி வைப்பது, விபத்தை மறைப்பது, 2015 சென்னை வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைச் சுத்தம் செய்து ‘நல்ல வண்டி’ என்று தள்ளுவது எல்லாம் வேறு கணக்கு. அப்படி ஏதாவது இருந்தால் இந்தப் பதிலை இங்கேயே நிறுத்திவிட்டு வக்கீலைப் பாருங்கள்.

இல்லையென்றால் இப்போது கிளட்சுக்கு வருவோம். பழைய கிளட்ச் பிளேட்டைத் தூக்கிப் போட வேண்டாம், அதையும் அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டையும் படம் எடுத்து அனுப்புங்கள் என்று இன்றே அவரிடம் சொல்லுங்கள். கிளட்ச் பிளேட்டின் இரண்டு முகத்திலும் உள்ள லைனிங்கை (உராய்ந்து தேயும் பட்டையை) ரிவெட் அடித்துப் பொருத்தியிருப்பார்கள். புதிதில் ரிவெட்டின் தலை பள்ளத்துக்குள் புதைந்திருக்கும். பல ஆண்டு ஓடித் தேய்ந்த பிளேட்டில் அது மட்டத்துக்கு வந்து பளபளக்கும், எதிரே பிரஷர் பிளேட்டில் வட்டமாகக் கீறல் விழுந்திருக்கும். சாதாரண ஓட்டத்தில் 18 நாளில் அப்படித் தேயாது. மாறாக, லைனிங் இன்னும் தடிமனாக இருந்து, பிரஷர் பிளேட்டில் நீலம் பாரித்த திட்டுகள் தெரிந்தால், சூட்டில் வெந்திருக்கிறது என்று அர்த்தம். சீசன் சனிக்கிழமையில் வெள்ளி நீர்வீழ்ச்சிப் பக்கம் ஏற்றத்தில் ஊர்ந்த வரிசையில், பிரேக்கைப் பிடிக்காமல் ஆஃப் கிளட்ச்சிலேயே (பெடலைப் பாதி அழுத்தியபடி) வண்டியை நிறுத்தி வைத்திருந்தால் புதுப் பிளேட்டே கருகும்.

ரிவெட் தெரிகிறது என்றால், என் யோசனை இது: சட்டப்படி நீங்கள் தரத் தேவையில்லை என்று வாதாடலாம், ஆனாலும் கிளட்ச் செட் விலையில் ஒரு பகுதியைக் கொடுத்து முடியுங்கள். உங்களுக்குத் தெரிந்த குறை அது. பில்லில் கிளட்ச்சோடு சேர்த்து வேறு வேலையும் ஏறியிருக்கும், அது உங்கள் கணக்கில் வராது. நீலத் திட்டு என்றால் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம். இரண்டும் கலந்திருந்தால்? உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் படத்தைக் காட்டுங்கள், வாங்கியவரின் மெக்கானிக் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

கொடுப்பதானால் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாக அனுப்பி, ‘குறையை ஒப்புக்கொண்டு அல்ல, நல்லெண்ணத்தில் தருகிறேன், இந்த வண்டி தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று வாங்குங்கள். வண்டியைத் திருப்பி எடுக்கும் பேச்சே வேண்டாம். 18 நாளில் அது எங்கே போனது, எதில் இடித்தது, யார் எதைக் கழற்றினார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஸ்டேஷன் மிரட்டலுக்குப் பயப்படத் தேவையில்லை. மோசடி வழக்கு என்றால் ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். கிளட்ச் தகராறு சிவில் விவகாரம். கூப்பிட்டால் தாள்களோடு போய் நடந்ததைச் சொல்லுங்கள், அங்கே வைத்து எதிலும் அவசரமாகக் கையெழுத்துப் போடாதீர்கள். வக்கீல் நோட்டீஸ் வந்தால் மட்டும் கெடு முடிவதற்குள் பதில் அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. 18,000 ரூபாயைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. ஆர்.சி. அவர் பெயருக்கு மாறிவிட்டதா? மோட்டார் வாகனச் சட்டம் 50-ஆவது பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் நீங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்திருக்க வேண்டும். படிவம் 29 அதற்குத்தான். வாங்கியவர் தன் பங்குக்குப் படிவம் 30 கொடுக்க வேண்டும், அவருக்கு 30 நாள். பலர் டெலிவரி நோட்டில் தேதியும் நேரமும் எழுதி வாங்கிவிட்டுப் பொறுப்பு முடிந்தது என்று இருக்கிறார்கள். அந்தத் தாள் நல்ல சாட்சி, ஆனால் கவசம் ஆகாது. 2018-இல் நவீன் குமார் – விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், வண்டி பல கை மாறியிருந்தும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரையே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாளி ஆக்கியது. கொடைக்கானல் மலைப்பாதையில் கிளட்ச்சுக்குப் பதிலாக பிரேக் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் பணம் தருவதாக முடிவு செய்தால், ஆர்.சி. மாற்றத்துக்கு விண்ணப்பித்த ரசீதைக் காட்டிய பிறகு தருகிறேன் என்று சொல்லுங்கள். இன்சூரன்ஸையும் அவர் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். உங்கள் ஃபாஸ்டேக் இன்னும் அந்தக் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் இன்றே முடக்குங்கள். அவர் போகிற டோல்கேட்டுக்கு எல்லாம் உங்கள் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டிருக்கும்.

ஃபோனில் பேசினால் இரண்டு பேர் குரலும் உயரும், எழுத்திலேயே பேசுங்கள். இப்படி அனுப்பினால் போதும்: ‘சார், நீங்கள் சொன்னதைக் கேட்டேன். பழைய பிளேட், பிரஷர் பிளேட் படமும் ஒர்க்‌ஷாப் பில்லும் அனுப்புங்கள், பார்த்துவிட்டு இரண்டு நாளில் சொல்கிறேன். ஆர்.சி. பெயர் மாற்றம் எந்த நிலையில் இருக்கிறது?’

படம் வந்ததும் எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.