டாக்டரிடம் பேச இரண்டு நிமிடம்தான் கிடைக்கிறது என்றால்

சர்க்கரை நோய்க்கான மெட்பார்மின் மாத்திரையின் அளவைக் கூட்டியதிலிருந்து அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு, அதைச் சொல்வதற்குள் டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார், இப்போது அம்மா மாத்திரையையே நிறுத்திவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்கவே கஷ்டமாக இருந்தது. தயவுசெய்து அம்மாவைத் திட்டாதீர்கள், அவர் சொல்லத்தான் பார்த்திருக்கிறார்.

முதலில் மாத்திரை. மெட்பார்மினால் வயிற்றுப்போக்கு வருவது மிகச் சாதாரணம், அதுவும் அளவு கூடும்போது. சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் பலருக்குக் குறையும். மருந்தை மெதுவாக வெளியிடும் மாத்திரையும் உண்டு, வயிற்றுக்கு அது கொஞ்சம் இதமானது. அதைத் தரமுடியுமா என்று கேளுங்கள். ஆனால் யாருக்கும் தெரியாமல் மருந்து நின்றுபோயிருப்பது ஆபத்து. அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டாம், நாளைக்கே போய் நர்ஸிடமோ மருந்து கொடுப்பவரிடமோ சொல்லுங்கள். வாந்தியும் சேர்ந்து தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அப்புறம் அந்த இரண்டு நிமிடம். 67 நாடுகளின் விவரங்களைத் தொகுத்து 2017-இல் வந்த ஆய்வின்படி, உலக மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் வாழும் நாடுகளில் டாக்டரோடு பேசச் சராசரியாக 5 நிமிடமோ அதற்கும் குறைவாகவோதான் கிடைக்கிறது. இது நியாயமே இல்லை. ஆனாலும் அந்த நேரத்துக்குள் விஷயம் போய்ச் சேர வேண்டும். அதனால் உட்கார்ந்ததும் அம்மாவின் முதல் வாக்கியமே “வயிற்றுப்போக்கால் மாத்திரையை நிறுத்திவிட்டேன்” என்று இருக்கட்டும். அதையே தாளில் எழுதி, தேதியும் போட்டு நீட்டுங்கள். முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள்.