பிரவுசர் திறந்தாலே கம்ப்யூட்டர் தவழ்கிறதா?

இந்தத் தடவை வந்த கேள்விகள் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே புலம்பல்தான். கேஷை அழித்தேன், அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போட்டேன், ரீஸ்டார்ட் செய்தேன் என்று செய்ததையெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். எது ரேமையும் சிபியுவையும் தின்கிறது என்று பார்த்ததாக மட்டும் ஒருவரும் எழுதவில்லை. அதனால் முதல் பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திறந்து வைத்திருப்பது 5 டேப்தான். ஆனால் விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் குரோம் என்று 20 வரிக்கு மேல் நிற்கிறது. வைரஸா?

வைரஸ் இல்லை. 2008இல் குரோம் வந்தபோதே அதை அப்படித்தான் கட்டினார்கள். ஒரு டேப் கவிழ்ந்தால் மற்ற டேப்களும் சேர்ந்து கவிழக் கூடாது என்று தனித்தனி பிராசஸாக, அதாவது தனியாக ஓடும் குட்டி புரோகிராம்கள் போல, பிரித்து ஓட்டுகிறது. எக்ஸ்டென்ஷனுக்கு (பிரவுசரில் நாம் சேர்க்கும் துணைக் கருவி) தனி, கிராபிக்ஸுக்குத் தனி, நெட்வொர்க்குக்குத் தனி. 2018இல் ஸ்பெக்டர் என்ற பிராசஸர் ஓட்டை வெளியே தெரிந்த பிறகு, ஒரு பக்கத்துக்குள் பதிந்திருக்கும் வேறு தளங்களின் துண்டுகளையும், உதாரணமாக விளம்பரக் கட்டங்களை, தனியாகப் பிரித்துவிட்டார்கள். இதனால் ரேம் 10 முதல் 13 சதவீதம் கூடுதலாகப் பிடிக்கும் என்று கூகுளே அப்போது சொன்னது. ஆக, வரிகளின் எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை.

சிக்கல் என்னவென்றால் விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் எந்த வரி எந்த டேப் என்பது சரியாகத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை முடித்துவிட்டால், பாதி எழுதிய மெயில் போய்விடும். அதற்குப் பதில் பிரவுசருக்குள் இருந்துகொண்டே ஷிப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் மூன்றுக்கும் சொந்தமாக ஒரு டாஸ்க் மேனேஜர் உண்டு. டேப்பின் பெயர், எக்ஸ்டென்ஷனின் பெயர் எல்லாம் அதில் பளிச்சென்று தெரியும். சிபியு என்ற தலைப்பைக் கிளிக் செய்து ஒரு நிமிடம் பாருங்கள், அப்புறம் மெமரியைக் கிளிக் செய்து பாருங்கள். ஃபேன் இரைந்து, அடிப்பக்கம் சுட்டால் சிபியுவுக்கு வேலை மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். சத்தமே இல்லாமல், ஒரு விண்டோவிலிருந்து இன்னொன்றுக்குப் போகவே பல விநாடி ஆகி, டிஸ்க் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தால் ரேம் நிரம்பிவிட்டது, விண்டோஸ் டிஸ்க்கையே ரேம் போலப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

8 ஜிபி ரேமில் பிரவுசர் மட்டும் 3 ஜிபி எடுக்கிறது. ரேம் கிளீனர் ஏதாவது போடலாமா?

வேண்டவே வேண்டாம். அது செய்வதெல்லாம் ரேமில் இருப்பதை டிஸ்க்குக்குத் தள்ளிவிட்டு "இதோ காலி" என்று பச்சை நிறத்தில் காட்டுவதுதான், அடுத்த கிளிக்கில் எல்லாம் திரும்பி வரும், அந்த நேரத்தில் இன்னும் மெதுவாகும். மிச்ச 5 ஜிபி மற்ற வேலைக்குப் போதுமென்றால் 3 ஜிபியைப் பற்றிக் கவலையே படாதீர்கள். போதவில்லை என்றால் குரோம் செட்டிங்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் மெமரி சேவரைப் போட்டுவிடுங்கள். எட்ஜில் இதே மாதிரி ஸ்லீப்பிங் டேப்ஸ் இருக்கிறது. தொடாத டேப்கள் தூங்கிவிடும், நீங்கள் திரும்பிப் போனால் விழித்துக்கொள்ளும். மெமரி சேவரில் அப்படி விழிக்கும்போது பக்கம் புதிதாக லோட் ஆகும், அதனால் நாள் முழுக்கத் திறந்து வைக்கும் அலுவலகத் தளங்களை மட்டும் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

தினமும் காலையில் கேஷை அழிக்கிறேன். நல்லதுதானே?

நிறுத்துங்கள். ஏற்கெனவே இறக்கி வைத்த படங்களையும் ஸ்கிரிப்டுகளையும் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி இறக்குகிறீர்கள். ஒரு தளம் கோணல்மாணலாகத் தெரிந்தால் அழியுங்கள், சரி. வேகத்துக்காக வேண்டாம்.

மற்ற நேரம் ஒழுங்காக இருக்கிறது, யூடியூப் போட்டால் மட்டும் ஃபேன் கத்துகிறது. ஏன்?

சுருக்கி அனுப்பப்படும் வீடியோவை விரித்துக் காட்டும் வேலை கிராபிக்ஸ் சிப்புக்குப் போகாமல் சிபியு தலையில் விழுகிறது. யூடியூப் இப்போது விபி9, ஏவி1 என்ற சுருக்க வடிவங்களில்தான் பெரும்பாலும் அனுப்புகிறது. ஏவி1ஐத் தானாக விரிக்கும் திறன் பரவலான கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் சிப்களில் 2020 வாக்கில்தான் வந்தது. முதலில் செட்டிங்ஸ், சிஸ்டம் பகுதியில் கிராபிக்ஸ் ஆக்ஸிலரேஷன் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தும் திணறினால் டிரைவரை, அதாவது கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருளை, அப்டேட் செய்யுங்கள். அதற்கும் சரியாகவில்லையா, அந்த ஆக்ஸிலரேஷனை ஒருமுறை அணைத்துப் பாருங்கள், பழைய டிரைவர்களில் அணைத்தால்தான் நிம்மதி என்பதும் நடக்கும். பழைய மெஷின் என்றால் எச்.264 என்ற பழைய வடிவத்தையே கேட்டு வாங்கும் எக்ஸ்டென்ஷன்கள் இருக்கின்றன. அதில் 1080பிக்கு மேல் கிடைக்காது, ஆனால் ஃபேன் அடங்கும்.

14 எக்ஸ்டென்ஷன் வைத்திருக்கிறேன், எல்லாமே தேவை. எது குற்றவாளி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லாமே தேவை என்றுதான் எல்லோரும் சொல்கிறோம்! இன்காக்னிட்டோ விண்டோவைத் திறந்து அதே தளத்துக்குப் போங்கள். அனுமதி கொடுக்காதவரை அங்கே எக்ஸ்டென்ஷன்கள் ஓடாது. வேகமாக இருந்தால் சந்தேகம் அவர்கள் மேல்தான். பாதியை, அதாவது 7ஐ, அணையுங்கள். சரியானால் ஆள் அந்த 7க்குள், இல்லையென்றால் மிச்சத்துக்குள். நாலு சுற்றில் பிடித்துவிடலாம். என் மெஷினில் இப்படித் தேடியபோது மாட்டியது தள்ளுபடிக் கூப்பன் தேடித் தரும் ஒன்று. ஒவ்வொரு பக்கத்தையும் மேலிருந்து கீழ்வரை துழாவிக்கொண்டிருந்தது, ஒரு கூப்பன்கூட எனக்குத் தந்ததில்லை.

விளம்பரத் தடுப்பானை மட்டும் அவசரப்பட்டு எடுக்காதீர்கள். அது கொஞ்சம் ரேம் தின்றாலும், அதைவிடப் பெரிய சுமையை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. குரோமில் யூபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பான் வேலை செய்யாமல் போனவர்கள் அதன் லைட் பதிப்பைப் போடலாம். ஃபயர்பாக்ஸில் பழையது அப்படியே ஓடுகிறது.

பிரவுசரை மூடிய பிறகும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

செட்டிங்ஸ், சிஸ்டம். மூடிய பிறகும் பின்னணியில் ஓடலாம் என்ற சுவிட்சை அணையுங்கள். எட்ஜில் ஸ்டார்ட்அப் பூஸ்ட்டையும் சேர்த்து.

விண்டோஸ் 7, 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். எந்த பிரவுசர் லேசானது?

பிரவுசரை மாற்றி மாற்றிப் போட்டுப் பலனில்லை, கனமாகிவிட்டவை தளங்கள்தான். விண்டோஸ் 7க்கு வந்த கடைசி குரோம் 109, அது 2023 ஜனவரியோடு சரி. அதன் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டை எதுவும் உங்கள் குரோமில் அடைக்கப்படவில்லை, மெதுவாக இருப்பதைவிட அதுதான் என்னை உறுத்துகிறது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி, முடிந்தால் இன்னொரு 4 ஜிபி ரேம், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான இயங்குதளம், இவைதான் என் யோசனை. போட்டோக்களையும் கோப்புகளையும் வேறு இடத்தில் நகல் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.