ஜீப் வீல் பேரிங்: நட்டை எவ்வளவு இறுக்கலாம்?

கேள்வி: ஐயா, எங்களுடையது அப்பா காலத்து மகிந்திரா ஃபோர் வீல் ஜீப். முன்பக்கம் டிரம் பிரேக். நானே புது ஷூ போட்டு, ஹப்பை மாட்டி, பேரிங்கைப் பிடிக்கும் உள் நட்டை உளி வைத்துத் தட்டி நன்றாக இறுக்கினேன். வேலூர் வந்து பார்த்தால் இடது ஹப்பில் கை வைக்க முடியவில்லை. பிரேக் பிடிக்கிறதா, பேரிங்கா?
– ஒரு வாசகர், ஒடுகத்தூர்

பதில்: தம்பி, 'உளி' என்று படித்ததுமே எனக்குப் பேரிங் மேல்தான் சந்தேகம். ஆனாலும் பார்த்துவிட்டே சொல்வோம். பின் சக்கரத்துக்குக் கல் கொடுத்து, முன்பக்கம் ஜாக்கி போடுங்கள். பிரேக் அட்ஜஸ்டரை முழுக்கத் தளர்த்தி, ஆக்சிலை ஹப்போடு இணைக்கும் டிரைவ் ஃபிளாஞ்சையும் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். அப்போதும் கனமாகச் சுற்றினால் பேரிங்தான்.

ஜீப் ஹப்பில் இருப்பது டேப்பர் ரோலர் பேரிங் (கூம்பு மாதிரி சரிந்த உருளைகள் கொண்டது), ஒன்றுக்கொன்று எதிராக இரண்டு. வீல் நட்டை இறுக்குகிற மாதிரி இந்த உள் நட்டை இறுக்கக் கூடாது. இறுக்க இறுக்க ரோலர்கள் கப்புக்குள் (பேரிங்கின் வெளி வளையம்) போய் நெரிபடும். சூட்டில் கிரீஸ் உருகி வழியும், அப்புறம் ரோலர் நீலம் பாயும். ரொம்பத் தளர்ந்தாலும் வம்புதான்: டிரம் ஆடும், ஷூ ஒருபக்கமாகத் தேயும்.

சூடேறி ஓடிய பேரிங்கை அப்படியே திரும்பப் போடாதீர்கள். டீசலில் கழுவி, ஒவ்வொரு ரோலராக வெளிச்சத்தில் பாருங்கள். நீலமோ, பொத்தலோ, செதிலோ இருந்தால் கோனோடு (ரோலர்கள் இருக்கும் உள் வளையம்) கப்பையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய கப்பில் புதுக் கோனைப் போடுவது காசுக்குக் கேடு. உளி வைத்துத் தட்டியதில் இரும்புத் துகளும் உள்ளே விழுந்திருக்கும், ஆகவே பழைய கிரீஸ் துளியும் வேண்டாம். புது கிரீஸை உள்ளங்கையில் வைத்து, மறுபக்கம் பிதுங்கும்வரை ரோலர்களுக்குள் அழுத்துங்கள்.

இனி அட்ஜஸ்ட்மென்ட். உதிரிபாகக் கடையில் ஜீப் ஹப் நட்டுக்கான பாக்ஸ் ஸ்பேனர் கேட்டு வாங்குங்கள். ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே உள் நட்டை இறுக்குங்கள். சுற்றாமல் இறுக்கினால் ரோலர்கள் இடத்தில் உட்காராது. சக்கரம் பிடிக்கிற நிலை வந்ததும் ஆறில் ஒரு சுற்று பின்னால் விடுங்கள். ஆறு பட்டை நட்டுதானே, ஒரு பட்டை தள்ளினால் கணக்கு சரி. பிறகு அது நகராமலிருக்க லாக் வாஷர், அதன் மேல் லாக் நட்.

பலர் கோட்டை விடுவது இங்கேதான். லாக் நட்டை இறுக்கும்போது மரையில் உள்ள இடைவெளி மூடி, உள் நட்டு லேசாக உள்ளே தள்ளப்படும். அதனால் லாக் நட் போட்ட பிறகு மறுபடியும் சுற்றிப் பாருங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டியும் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் வீட்டில் யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங் தளர்வு. நிற்காவிட்டால் சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சான கிங் பின் பக்கம் போக வேண்டும், அது தனிக் கதை. எல்லாம் சரியென்றால் வாஷரை மடக்கி, பிரேக்கை அட்ஜஸ்ட் செய்து, அணைக்கட்டு வரை ஓட்டிவிட்டு இரண்டு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும்.

அப்புறம், இதே கையோடு வீட்டுக் காருக்குப் போய்விடாதீர்கள். இப்போதைய கார்களில் பெரும்பாலும் சீல் செய்த ஹப் பேரிங். அதில் நட்டைப் பின்னால் விடும் பேச்சே கிடையாது, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முழுசாக இறுக்கியே ஆக வேண்டும்.